மொழியியல் பயின்றால் வயிற்றுக்கு வழி உண்டா?

அலிகரிலும் காசியிலும் பி.ஏ. வகுப்பிலேயே மொழியியல் கற்பிக்கப்படுகிறது. நம் வீட்டு மகனோ மகளோ அதனைப் பயில விரும்பினால், "வயிற்றுக்கு என்ன வழி?" என்கிறோம். மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் நாம் அங்ஙனம் கேட்பது தவறன்று. ஆயின் விடை கூறத் தக்கவர் ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் அல்லோம். அத்துறையில் ஐந்தாறு ஆண்டு முன்சென்றவரே.

பல மொழி பேசுதல் வேறு, மொழியின் அமைப்பை ஆராய்தல் வேறு. 2011 ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. ஒரே மொழிக்கு ஊர்தோறும் வழங்கும் பெயர் எது, தனிமொழி எது என்று ஆராய்ந்து அவற்றை 1,369 ஆக வரையறுத்தது மொழியறிந்தோர் உழைப்பு. (கணக்கு எழுதிப் பழகிய நமக்கு அதன் அருமை தெரியும்!) மைசூரில் 1969 இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திலும், கணிப்பொறி மொழிபெயர்ப்பிலும் இத்தகையோர்க்கு வேலை உண்டு. எனினும் பி.ஏ. மட்டும் போதாது, எம்.ஏ. வேண்டும். கணிப்பொறிப் பணிக்குப் புள்ளியியலும் நிரல் எழுதுதலும் வேண்டும். திக்குவாய் முதலிய பேச்சுக்குறை தீர்க்கும் தொழிலுக்கோ தனிப் பட்டம் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதிச் சேர்தல் ஆகாது.

ஆதலின் இரண்டாம் ஆண்டிலேயே, முன்பு அங்கே பயின்று வேலையிலிருக்கும் ஒருவரைப் பேராசிரியர் வாயிலாக அறிந்து கடிதம் எழுதுதல் நன்று. "வேலை வாங்கித் தருவீர்களா?" என்பதன்று கேள்வி. "சென்ற வாரம் முழுதும் என்ன வேலை செய்தீர்கள்? எதனைக் கல்லாது விட்டதற்கு இன்று வருந்துகிறீர்கள்?" என்பவையே கேட்கத் தக்கவை. கடிதத்தைத் தகப்பனார் எழுதித் தர வேண்டா.