அட்டையில் ஒரு பெயர், பின்னால் ஒரு குடும்பம்

அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு வெளியான இரண்டு இசைத்தொகுப்புகளின் அட்டைகளில், அதுவரை குழுவின் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டிருந்த இரு பாடகிகளின் பெயர்கள் தனித்து அச்சாயின. ஒருவர், டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த மெக்சிகோ வம்சாவளியினரான செலினா கின்டானிலா. மற்றவர், கியூபாவின் ஹவானாவில் பிறந்து மியாமியில் வளர்ந்த குளோரியா எஸ்டெஃபான். லத்தீன் இசையுலகின் இவ்விரு பெரும் பெயர்களும் உறவினர் சேர்ந்து நடத்திய இசைக்குழுக்களிலிருந்து எழுந்தவை.

குடும்பக் குழுவிலிருந்து ஒருவர் தனிப்பாடகராவதை ரசிகர்கள் கலை வளர்ச்சி என்பார்கள்; வம்பு பேசுவோர் குடும்பப் பிளவு என்பார்கள். பொருளியல் கண்ணோட்டத்தில் அது வேறொன்று. பலர் உழைத்து உருவாக்கிய ஒரு மதிப்பு, ஒருவரின் பெயரில் பதிவாகிறது. அந்த மதிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது.

செலினாவின் தந்தை ஆபிரகாம் கின்டானிலா, இளமையில் 'லோஸ் டினோஸ்' என்ற குழுவில் பாடியவர். இசை சோறு போடாததால் வேறு வேலைக்குச் சென்றார். பின்னர் ஓர் உணவகம் தொடங்கி, அங்கே தம் பிள்ளைகளைப் பாட வைத்தார். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது உணவகம் மூடப்பட்டது. குடும்பம் நொடித்துப்போய், கார்பஸ் கிறிஸ்டி நகருக்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் இசைக்குழுவே பிழைப்பானது. மகன் ஏ.பி. கிட்டார் வகையைச் சேர்ந்த பேஸ் வாசித்தார். மூத்த மகள் சுசெட் டிரம்ஸ் வாசித்தார். கடைக்குட்டி செலினா பாடினார். குழுவுக்குத் தந்தையின் பழைய குழுப் பெயரே சூட்டப்பட்டது. ஒரு பழைய பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, திருமணங்களிலும் திருவிழாக்களிலும் அவர்கள் பாடினார்கள்.

இத்தகைய குழு ஏன் தாக்குப்பிடிக்கிறது? யாரும் மாதக் கடைசியில் ஊதியம் கேட்பதில்லை. நட்டம் வந்தால் எல்லோரும் சேர்ந்து தாங்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் எழுதவும் கண்காணிக்கவும் செலவில்லை. வங்கி கடன் தராத இடத்தில் குடும்பமே வங்கியாகிறது. செலினா பாடிய 'டெஹானோ' இசை அந்நாளில் ஆண்களின் கோட்டை. பெண் பாடினால் கூட்டம் வராது என்று நிகழ்ச்சி அமைப்பாளர்கள் நம்பிய துறை அது. அங்கே பல ஆண்டுகள் வருமானமின்றி ஒரு சிறுமியின் குரலில் முதலீடு செய்ய குடும்பத்தைத் தவிர யார் முன்வந்திருப்பார்கள்?

ஆனால், அந்த முதலீட்டின் செலவில் ஒரு பகுதியைச் சிறுமியே ஏற்றாள். எட்டாம் வகுப்போடு செலினாவின் பள்ளிப் படிப்பு நின்றது. எஞ்சியதை அஞ்சல்வழியில்தான் முடித்தார். குடும்பக் கணக்கேட்டில் இதற்கு வரிசையே கிடையாது.

அடுத்து, இசைத்தட்டு நிறுவனம் வருகிறது. நிறுவனத்துக்குக் குழுவைவிடத் தனிப்பெயரே வசதி. சுவரொட்டிக்கு ஒரு முகம், ஒப்பந்தத்துக்கு ஒரு கையெழுத்து. வாத்தியக்காரர்கள் மாறினாலும் சரக்கு மாறாது. இம்மாற்றத்தின் படிகளை குளோரியா எஸ்டெஃபானின் தொகுப்புகளில் தெளிவாகக் காணலாம். 1985-இல் வெளியான தொகுப்பில் 'மியாமி சவுண்ட் மெஷின்' என்ற குழுவின் பெயர் மட்டுமே இருந்தது. 1987-இல் 'குளோரியா எஸ்டெஃபானும் மியாமி சவுண்ட் மெஷினும்' என்று ஆயிற்று. 1989-இல் குளோரியா மட்டும் எஞ்சினார். நான்கே ஆண்டுகளில் ஒரு குழுவின் நற்பெயர் ஒரு தனிநபரின் நற்பெயராக மாறியது. அவருடைய கணவர் எமிலியோ, குழுவின் வாத்தியக்காரர் நிலையிலிருந்து தயாரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் நகர்ந்ததால் இம்மாற்றம் வீட்டுக்குள்ளேயே சுமுகமாக நடந்தது.

செலினா 1989-இல் இ.எம்.ஐ. லத்தீன் நிறுவனத்தின் கலைஞரானபோது பெயர் மட்டுமே தனியானது, உற்பத்தி தனியாகவில்லை. அண்ணன் ஏ.பி. பாடல்களை எழுதினார், தயாரித்தார், அக்காள் டிரம்ஸை விடவில்லை, தந்தையே மேலாளர். 1992-இல் அவர் மணந்த கிறிஸ் பெரெஸும் அதே குழுவின் கிட்டார் கலைஞர்தான். 1994-இல் கிராமி விருது பெற்ற நேரலைத் தொகுப்பின் அட்டையில் செலினாவின் பெயர் இருந்தது; மேடையில் பின்னால் குடும்பம் நின்றது.

இங்கே ஒரு பழைய பொருளியல் புதிர் குறுக்கிடுகிறது. 1972-இல் அர்மென் ஆல்ச்சியன், ஹெரால்ட் டெம்செட்ஸ் என்ற இரு அறிஞர்கள் அதை விளக்கினர். இருவர் சேர்ந்து ஒரு பெரிய சுமையை லாரியில் ஏற்றினால், ஏறிய சுமையைப் பார்த்து யார் எவ்வளவு தூக்கினார் என்று சொல்ல முடியாது. இசைக்குழுவும் அப்படித்தான். ஆனாலும் சட்டம் சில பங்குகளை மட்டும் அடையாளம் காண்கிறது. பாடலை எழுதியவருக்குக் காப்புரிமைத் தொகை உண்டு. ஒப்பந்தத்தில் பெயருள்ள பாடகருக்கு விற்பனையில் பங்கு உண்டு. டிரம்ஸ் வாசித்தவருக்கும், பேருந்து ஓட்டியவருக்கும், வசூலுக்கு நடையாய் நடந்தவருக்கும், தனியே எழுதிவைத்தாலன்றி எதுவும் இல்லை.

பிரிந்து சென்றால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவின் 'லோஸ் புக்கிஸ்' குழு சான்று. மார்கோ அந்தோனியோ சோலிஸ், தம் உறவினர் ஜோயல் சோலிஸுடன் சேர்ந்து 1970-களில் தொடங்கிய குழு அது. 1990-களின் நடுவில் மார்கோ தனிப்பாடகரானார். மற்றவர்கள் பழைய பெயரில் அல்லாமல், 'லோஸ் மிஸ்மோஸ்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அச்சொல்லுக்கு 'அதே ஆட்கள்' என்று பொருள். பெயர் போனபின் ஒரு குழு, 'நாங்கள் அதே ஆட்கள்தான்' என்று சொல்லியே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள நேர்ந்தது. 2021-இல் பழைய பெயரில் அனைவரும் மீண்டும் கூடியபோது விளையாட்டரங்குகள் நிரம்பின.

குடும்ப நிறுவனத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அங்கே நம்பிக்கையே தணிக்கை. உறவினரிடையே அது ஓரளவு செல்லும். தொழில் பெருகி, வெளியாட்கள் உள்ளே வரும்போது அதே பழக்கம் ஆபத்தாகிறது. 1994-இல் செலினா ஆடையகங்களைத் தொடங்கினார். ரசிகர் மன்றத் தலைவியே அவற்றின் நிர்வாகத்தையும் கவனித்தார். பணம் கையாடப்பட்டதாகக் குடும்பத்தினர் 1995-இன் தொடக்கத்தில் குற்றஞ்சாட்டினர். கணக்கு ஆவணங்கள் குறித்த தகராறு முற்றிய நிலையில், மார்ச் 31 அன்று அப்பெண்மணி செலினாவைச் சுட்டுக்கொன்றார். அப்போது செலினாவுக்கு 24 வயது நிறைய இரண்டு வாரங்கள் இருந்தன. கொலைக்குக் கணக்குப் பிழையே காரணம் என்று சொல்வது மிகைப்படுத்தல். ஆனால், முறையான தணிக்கையாளர் ஒருவர் இருந்திருந்தால் அத்தகராறு இரு பெண்களுக்கிடையிலான நேருக்கு நேர் மோதலாக ஆகியிருக்க வேண்டியதில்லை.

அவர் பாடி முடித்திருந்த ஆங்கிலப் பாடல்களையும் கொண்ட தொகுப்பு அவ்வாண்டு ஜூலையில் வெளியாகி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடம் பிடித்தது. பெயரின் மதிப்பு அதற்குரியவரைக் கடந்து வளர்ந்தது. அவர் பெயர், உருவம் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாட்டைத் தந்தையிடம் அளித்த 1995-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி, கணவர் எழுதிய நினைவு நூலைத் தொலைக்காட்சித் தொடராக்கும் முயற்சிக்கு எதிராகத் தந்தை 2016-இல் வழக்குத் தொடுத்தார். 2021-இல்தான் சமரசம் ஏற்பட்டது. மகளை இழந்த தந்தையும் மனைவியை இழந்த கணவரும் ஒரு பெயருக்காக நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். இருவரில் எவரையும் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருவருமே அப்பெயரை உருவாக்கியவர்கள், அதுவே சிக்கல்.

குழந்தை நடிகர் ஜாக்கி கூகனின் வருமானத்தைப் பெற்றோர் செலவழித்துவிட்டதால், கலிபோர்னியா 1939-இல் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தைக் கலைஞரின் ஊதியத்தில் 15 விழுக்காட்டை அறக்கட்டளைக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்பது அதன் இன்றைய வடிவம். ஆயினும், பெற்றோரே முதலாளியாகவும் இருக்கும் பேருந்துக்குள் எந்த ஆய்வாளர் எட்டிப்பார்ப்பார்?

ஆகவே, பங்கை எழுதிவைப்பது குடும்பத்தின் கடமையாகிறது. அதற்கு ஏற்ற காலம், பிரிப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத தொடக்க நாள்கள்தான். அப்போது யாரும் பத்துப் பங்கில் ஒன்றுக்காக முகம் சுளிக்கமாட்டார்கள். பெயர் பெரிதானபின் ஒவ்வொருவருக்கும் தாம் தூக்கிய சுமையே கனமாகத் தோன்றும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் சொன்னது உறவை முறிக்க அல்ல. கணக்கைத் தெளிவாக வைத்தால் உறவு நீடிக்கும் என்பதற்காகத்தான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).