காற்று வில்லும் சித்தியின் சவாரியும்

பலாங்கொடையிலிருந்து பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைக்கு ஏறும் பஸ்ஸிலே, கடைசி ஆசனத்தில் அமர்ந்து பிரயாணஞ் செய்தவர்க்கு வாகனத்தின் பின்புற வில் என்ன வேலை செய்கின்றது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அது தன் வேலையைச் செய்யாதபோது நமது முதுகெலும்பு அவ்வேலையை ஏற்றுக்கொள்கின்றது. வில்லைப் பற்றி வருடாவருடம் கரும்பலகையில் எழுதிவரும் பௌதிக ஆசிரியனாகிய எனக்கு, காற்றினாலாகிய வில்லொன்றைக் கையாலே பிரித்துப் பூட்டும் வாய்ப்புச் சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலேதான் கிடைத்தது, அதுவும் கனடாவில்.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் என் சித்தியின் மகன் வசிக்கின்றான். சித்தி நம் மாகாணத்து இறப்பர்த் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால் வெட்டியவர். எழுபதை எட்டும் வயதில் இப்போது மகனுடன் இருக்கின்றார். தம்பியிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. ஹொண்டா நிறுவனத்தார் 1980இல் வெளியிட்ட கோல்ட் விங் ஜீ.எல். 1100 என்னும் நெடும்பயண வண்டி. 1085 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, படுக்கையாய்க் கிடக்கும் நான்கு சிலிண்டர்கள், பின்னாசனத்தில் சாய்ந்துகொள்ள முதுகணை. தாயை அதில் ஏற்றிச் சென்று நாடு காட்ட வேண்டுமென்பது அவனுடைய ஆசை. சித்தியும் ஒருமுறை ஏறினார். பாதி வழியில் இறங்கிப் பஸ்ஸில் வீடு திரும்பிவிட்டார்.

“தோட்டத்து லொறி தேவல” என்றார் என்னிடம். “அதுல பிடிச்சுக்கக் கம்பியாவது இருந்துச்சு.”

சித்தியின் இடுப்பு நோவைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. வளைவொன்றில் வண்டியின் பின்பாகம் மிதப்பது போல அலைந்ததென்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். அவன் கண்ட வைத்தியம், ஒவ்வொரு காலையிலும் கூடுதலாகக் காற்றடிப்பது.

அந்த வண்டியின் பின்சக்கரத்தின் இருமருங்கிலும், கராஜ்காரர் ‘சொக் அப்சோபர்’ என்று சொல்லும் அதிர்ச்சி தாங்கிகள் இரண்டு உள்ளன. உருக்குச் சுருள்வில்லுக்குத் துணையாக அவற்றினுள் காற்றும் அடைக்கப்பட்டிருக்கின்றது. காற்று எப்படி வில்லாகும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. றொபேட் போயில் 1660இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘காற்றின் வில்’ என்ற கருத்து இடம்பெற்றிருக்கின்றது. பரீட்சைக்காக நாம் மனனஞ் செய்யும் போயிலின் விதி அதற்கு இரண்டு வருடம் பின்னரே வந்தது. கணக்கைப் பாருங்கள். அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காட்டினால், வளிமண்டலத்தின் 15ஐயும் கூட்ட மெய்யான அமுக்கம் 45. சக்கரம் ஒரு மேட்டில் ஏறி, உள்ளேயிருக்கும் காற்றின் கனவளவு பாதியானால், அமுக்கம் 90 ஆகும்; மானி 75 காட்டும். முப்பது எங்கே, எழுபத்தைந்து எங்கே! மெல்ல அமுக்கும்போதுதான் இக்கணக்கு. வேகமாக அமுக்கினால் காற்றுச் சூடேறி எதிர்ப்பு இன்னும் கூடும். சாதாரண உருக்கு வில் அங்குலத்துக்கு இவ்வளவு என்று ஒரே சீராக எதிர்க்கும். காற்றோ அழுந்த அழுந்த முரண்டு பிடிக்கும். தனியே போகும்போது காற்றைக் குறைத்து, தாயும் மூட்டையும் ஏறும்போது கூட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. இந்த வண்டியின் பின்புறத்துக்கு விதித்த அளவு 28 முதல் 42 இறாத்தல் வரை. தம்பி 50 அடித்துக்கொண்டிருந்தான்.

அங்கேதான் பிழை. காற்றுப் பாரத்தைத் தாங்குமேயன்றித் துள்ளலை அடக்காது. அடக்குவது எண்ணெய். தாங்கியினுள் தண்டு ஏறியிறங்கும்போது எண்ணெய் சிறு துவாரங்களினூடே நெருக்குண்டு பாய்கின்றது; துள்ளலின் சக்தி அந்நெருக்கத்தில் வெப்பமாய்க் கழிகின்றது. தண்டைச் சுற்றிக் கவ்வியிருக்கும் ‘ஒயில் சீல்’ என்ற சிறு வளையம் தேய்ந்துவிட்டால் காற்று மட்டுமா வெளியேறும்? எண்ணெயும் கசிந்து போய்விடும். போன காற்றை நாள்தோறும் நிரப்பியவன் போன எண்ணெயை ஒருநாளும் நிரப்பவில்லை. வண்டி நிமிர்ந்து நின்றதனால் சுகமாயிருக்கின்றதென்று எண்ணிவிட்டான். கசிந்த எண்ணெய் தடுப்பிலும் ரயரிலும் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகின்றேன்.

சவர்க்கார நீரைத் தொட்டுக் குழாயின் மூட்டுகளிலும் வால்வின் வாயிலும் தடவினோம், குமிழி எழவில்லை. தண்டுகளில் விரலை வைத்தால் வழுவழுப்பு. நோய் இன்னதென்று தெரிந்தது. புதிய தாங்கிகள் வாங்கச் சில நூறு டொலராகும். தபாலில் வந்த வளையங்களின் விலையோ அதில் மிகச் சிறு பங்கு.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, முதலில் காற்றை முற்றாக வெளியேற்றினோம். இது மறக்கக்கூடாத காரியம். அமுக்கம் நிறைந்த பாத்திரத்தின் பூட்டைக் கழற்றினால் அது துப்பாக்கியாகும். பின்னர் தாங்கிகளை இறக்கி, வில்லை அதற்குரிய கருவியால் பிடித்துக்கொண்டு பூட்டு வளையத்தை எடுத்தோம். கவிழ்த்தபோது வந்த எண்ணெய் கழுநீர் நிறத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான் இருக்கும். தண்டை நகத்தால் வருடிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் துரு குத்தியிருந்தது. மிக நுண்ணிய எமரித் தாளால் அதைத் தேய்த்தான் தம்பி.

கராஜின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த சித்தி, புது வளையமொன்றை எடுத்து மோந்து பார்த்தார். “இது நம்ம ரப்பர் இல்லையே” என்றார். வியந்து போனேன். உண்மையில் அது மரத்திற் பிறந்ததன்று. கியூ தோட்டத்திலிருந்து 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் சந்ததி நம் மாகாணத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றது. ஆனால் அதன் பால் தரும் இறப்பர் கனிம எண்ணெயிற் கிடந்தால் ஊறிப் பருத்து வலுவிழக்கும். ஆகையால் இத்தகைய வளையங்களை நைட்ரைல் என்னும் செயற்கை இறப்பரிற் செய்கின்றார்கள். இதனைச் சொன்னேன். “ரயருக்கு ஆகுமில்ல?” என்று கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

இனி என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். தண்டின் நுனியில் கூரான விளிம்பு உண்டு. அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைச் சுற்றி, எண்ணெய் தடவி, அதன்பிறகே வளையத்தை வழுக்கி இறக்க வேண்டும். “தாள் சுத்துவோமா அண்ணே?” என்று தம்பி கேட்டான். “கவனமாகப் போட்டாற் போதும்” என்றேன். பட்டம் பெற்றவனின் வாய்! மறுநாட் காலையில் இடப்பக்கத் தாங்கியின் கீழே சிறு எண்ணெய்ப் பொட்டு. கழற்றிப் பார்த்தால் வளையத்தின் உதட்டில் மயிரிழையளவு கீறல். தம்பி ஒன்றுமே சொல்லாமல் மேலதிகமாக வாங்கிவைத்திருந்த வளையத்தை எடுத்துத் தந்தான். ஏசியிருந்தாற் சுகமாயிருந்திருக்கும்.

இத்தொல்லை இன்று நேற்று வந்ததன்று. இங்கிலாந்தின் வெலோசெற் நிறுவனத்தார் தமது 1939ஆம் ஆண்டு கே.டி.டி. பந்தய வண்டியின் பின்புறத்தில், விமானச் சக்கரக் கால்களைச் செய்துவந்த டவுட்டி நிறுவனத்தின் காற்றுத் தாங்கிகளைப் பூட்டினார்கள். போருக்குப் பின் அந்த டவுட்டிக் காற்றுக் கவைகள் வேறு சில ஆங்கில வண்டிகளின் முன்புறத்திலும் வந்தன. வளையம் தேய்ந்தால் அவையும் இப்படித்தான் குந்திவிடும்.

இரண்டாம் முறை தாள் சுற்றியே போட்டோம். புது எண்ணெயை அளவுச்சாடியில் அளந்து இருபுறமும் சமமாக ஊற்றினோம். காற்றடிக்கக் கைப் பம்பே போதும். உள்ளேயிருக்கும் கனவளவு சிறிது. பெற்றோல் நிலையத்துக் காற்று இயந்திரத்தை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் அமுக்கம் எல்லை கடந்து புது வளையத்தையும் கெடுத்துவிடும். 36 இறாத்தல் அடித்து இரவு முழுவதும் விட்டோம். காலையில் மானி 35 காட்டியது. மானியைப் பொருத்தும்போதே சிறிது காற்றுப் போகுமாதலால் அதனைக் குறையென்று கொள்ளவில்லை. தரையில் பொட்டு எதுவுமில்லை. பின்னாசனத்தை இருவருமாக அமுக்கி விட்டோம். ஒருமுறை எழுந்து, துள்ளாமல் அடங்கி நின்றது.

சித்தி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்கான காசைக் கைப்பையில் வைத்திருப்பதை எனக்குக் காட்டிவிட்டே ஏறினார். தெருமுனையில் வீதியைத் தோண்டி மூடிய மேடொன்று உண்டு. அதன்மேல் வண்டி ஏறி இறங்கியதை வாசலில் நின்று பார்த்தேன். சித்தியின் தலை அசைந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரமாயிற்று. இருவரும் வண்டியிலேயே வந்தார்கள்.