உங்களுக்குத் தெரியுமா? - ஜெர்மன் வைத்தியர்கள் ஸ்பெஷல்!

மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் திருமங்கலம் பஸ் ஏறுங்கள். போய் இறங்கும் ஊரில்தான் இருக்கிறது தமிழ்நாட்டின் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி! 1975-லிருந்து நடக்கிறது. அங்கே சொல்லித்தரும் வைத்தியம் பிறந்த நாடு எது? ஜெர்மனி!

அதைக் கண்டுபிடித்த சாமுவேல் ஹானிமன் முதல் சோதனையை யார் மேல் செய்தார்? தன் மேலேயே! மலேரியாவுக்குத் தரும் சின்கோனா பட்டையை, 1790-ல், நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கும்போதே விழுங்கினார். காய்ச்சல் வந்துவிட்டதாம்!

சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள். மேலே ரெண்டு சொட்டு மருந்து. மூடியைத் திருகி, உள்ளங்கையில் நாலு தட்டு. அவ்வளவுதான், மருந்து ரெடி! காபிதான் கூடாது!

குப்பியின் மேல் '30' என்று எழுதியிருக்கிறதா? மருந்தை நூறில் ஒரு பங்காக 30 தடவை கரைத்திருக்கிறார்கள் என்று கணக்கு. கரைசலின் அளவு, 1 போட்டு அதன்பின் 60 பூஜ்யம்! மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட அதில் மிஞ்சாது என்கிறது வேதியியல். பிறகு எப்படிக் கேட்கும் என்று இருநூறு வருஷமாகச் சண்டை. நாம் அதற்குள் போகவேண்டாம்!

இந்த இனிப்பு உருண்டையைத் தென்னிந்தியாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் யார்? டாக்டர் இல்லை. ஒரு பாதிரியார்! பெயர் அகஸ்டஸ் முல்லர். 1841-ல் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாவில் பிறந்த இயேசு சபைக்காரர்!

அவர் மங்களூரில் கால் வைத்த தேதி தெரியுமா? 1878 டிசம்பர் 31! ஊருக்குப் புதுசு, மறுநாள் வருஷமும் புதுசு!

வந்த வேலை வகுப்பெடுப்பது. செய்த வேலை வைத்தியம்! 1880-ல் மங்களூரின் கங்கனாடியில் ஏழைகளுக்காக ஒரு ஹோமியோபதி மருந்தகம் தொடங்கினார். கட்டடமா? அதெல்லாம் பிறகு. ஆலமரத்தடியில் ஒரு மருந்துப் பெட்டி, அதுதான் ஆஸ்பத்திரி!

தொழுநோயாளியைத் தெருவுக்குள்ளேயே விடாத காலம் அது. முல்லர் என்ன செய்தார்? 1890-ல் அவர்களுக்கென்றே ஓர் இல்லம் திறந்தார்! மருந்து விற்று வந்த காசு இப்படித்தான் கரைந்தது.

1902. மங்களூரில் பிளேக்! ஊரே மூட்டை கட்டும் நோய் அது. முல்லர் திறந்தது பிளேக் ஆஸ்பத்திரி!

1910-ல் மங்களூரிலேயே கண்ணை மூடினார். அந்த மருந்துப் பெட்டி மட்டும் வளர்வதை நிறுத்தவில்லை. ஹோமியோபதிக் கல்லூரி, மருந்துத் தயாரிப்புக் கூடம், ஆங்கில வைத்தியம் கற்றுத்தரும் மருத்துவக் கல்லூரி... எல்லாம் இன்று அவர் பெயரில்! படுக்கைகள் மட்டும் 1,250!

முல்லருக்கு முன்பே இந்த வைத்தியத்தோடு இந்தியாவுக்கு வந்தவர் ஒருவர் உண்டு. அவர் கதை இன்னும் ஜோர்! ஜோஹன் மார்ட்டின் ஹோனிக்பெர்கர். இன்றைய ருமேனியாவில், ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு வைத்தியர். கூடவே இன்னொரு பொறுப்பும் கொடுத்தார்கள். என்ன தெரியுமா? வெடிமருந்துத் தொழிற்சாலை! காலையில் மருந்து, மாலையில் வெடிமருந்து!

1839-ல் மகாராஜாவுக்கு நாக்கு எழவில்லை; பேச்சு குழறியது. ஹோனிக்பெர்கர் கொடுத்த மருந்து டல்கமாரா. அது நம் மணத்தக்காளிக்குப் பங்காளிச் செடி! அதையும் மதுவில் கலந்து கொடுத்தார். மகாராஜா மறுப்பாரா என்ன!

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். தரங்கம்பாடியின் கிறிஸ்தவ மிஷனுக்கு 1709-ல் வந்த ஜெர்மானியர் கிருண்ட்லர். பக்கத்தில் பொறையாறில் போய்க் குடியிருந்தார். எதற்கு? நம் நாட்டு வைத்தியத்தைக் கற்றுக்கொள்ள! வைத்தியம் பார்க்க வந்தவர்களைப் பற்றியே கேட்டிருப்பீர்கள். இவர் சுவடி கேட்டு வந்தவர்!

1711-லேயே தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி முடித்தார். தலைப்பு 'மலபாரிக்கஸ் மெடிக்கஸ்'. அவர் காலத்தில் அச்சேறவேயில்லை! கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் ஹாலே நகர ஆவணக் காப்பகத்தில்!

அதே ஹாலே நகரத்தின் அநாதை இல்லத்திலிருந்து கடல் தாண்டி மருந்துகள் போயின. தரங்கம்பாடிக்கும் வந்தன. அதில் பிரபலமான ஒன்று 'எஸ்ஸென்சியா டல்சிஸ்'. கலந்திருந்தது என்ன? தங்கம்! நம் தங்க பஸ்பத்துக்கு ஜெர்மன் போட்டி!

தரங்கம்பாடி மிஷனுக்கென்றே முதன்முதலில் அனுப்பப்பட்ட ஜெர்மன் டாக்டர் ஷ்லேகல்மில்க். வந்தது 1730-ல். சில வாரங்களிலேயே அவரே போய்ச் சேர்ந்தார்!

கடைசியாக ஒருவர். இவரை நீங்கள் தினமும் தாளிக்கிறீர்கள்! ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக். பால்டிக் ஜெர்மானியர், தாவரவியல் மேதை லின்னேயஸின் சீடர். 1768-ல் தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்தார். நோயாளியைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி தேடினார்!

1774-ல் ஆற்காடு நவாப் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். அப்போது மதுரையும் அந்த நவாப் கையில்தான்!

கோனிக் இங்கிருந்து அனுப்பிய செடிகளை வைத்து லின்னேயஸ் பெயர் சூட்டிக்கொண்டே போனார். ஒரு செடிக்குச் சீடனின் பெயரையே வைத்துவிட்டார். எந்தச் செடி? கறிவேப்பிலை! அதன் அறிவியல் பெயரில் முன்பாதியை பெர்கேரா, முர்ரேயா, மறுபடி பெர்கேரா என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். பின்னால் வரும் 'கோனிகி' 250 வருஷமாக அசையவில்லை!