கையெழுத்திடுவது யார்? தமிழ்த் தொடர்களின் அவசர சிகிச்சைக் காட்சிகளும் மருத்துவ அறமும்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் விபத்தும் மகப்பேறும் தவறாது இடம்பெறும் நிகழ்ச்சிகள். அவை காட்டப்பெறும் முறையும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. அறுவை அரங்கின் கதவுமேல் சிவப்பு விளக்கு எரியும். மருத்துவர் வெளியே வந்து, உடனே அறுவை செய்தாக வேண்டும் என்று கூறிப் படிவத்தை நீட்டுவார். அதில் கையெழுத்திடுவது யார் என்ற வினாவோடு அன்றைய பகுதி முடியும். கணவனா, மாமியாரா, பிறர் அறியாத பெற்ற தாயா என்பதே மறுநாள் வரை பார்வையாளரைக் காக்க வைக்கும். படுக்கையில் கிடப்பவரின் விருப்பம் யாது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. இக்காட்சி மரபு மருத்துவ அறத்தின் எக்கூற்றைச் சரியாகப் பற்றியுள்ளது, எதனைப் பிறழக் காட்டுகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவமனையையே களமாகக் கொண்ட படைப்புகளிலும் இம்மரபின் சாயல் உண்டு. 2024 மார்ச்சில் இணையத்தில் வெளிவரத் தொடங்கிய ‘ஹார்ட் பீட்’ தொடரில், பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர் ரீனாவும் அங்கு உயர்நிலையில் பணியாற்றும் மருத்துவர் ரதியும் மகளும் தாயும் ஆவர்; அவ்வுறவு மறைபொருளாக வைக்கப்பட்டுள்ளது. சிகிச்சைக் கூடம் இங்கும் உறவின் மேடையாகிறது. திரைப்படங்களோ வேறு திசையில் சென்றன. ‘ரமணா’ (2002) இறந்தவரின் உடலுக்குச் சிகிச்சை நடப்பதாகக் காட்டிப் பணம் பறிக்கும் மருத்துவமனையைக் குற்றக் கூண்டில் நிறுத்தியது. ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) உயிருக்குப் போராடுபவர் வந்து கிடக்கும்போது படிவம் நிரப்புவது கட்டாயமா என்று வகுப்பறையில் கேட்டது. அது நகைச்சுவைக் காட்சிதான். எனினும் அவசர மருத்துவ அறத்தின் முதன்மையான வினா அதுவே.

உறவினர் முடிவெடுப்பதைத் தமிழ்ப் பார்வையாளர் இயல்பாக ஏற்பதற்குப் பின்புலம் உண்டு. நற்றிணை 136ஆம் பாடலில், நோயாளி விரும்பியதைக் கொடுக்காமல் ஏற்ற மருந்தை ஆய்ந்து கொடுக்கும் மருத்துவன் ‘அறவோன்’ எனப் போற்றப்படுகிறான். அவ்வுவமை தலைவியின் தந்தைக்கு வருகிறது என்பது நோக்கத்தக்கது; மகள் அழுது கேட்டதைத் தராது, அவளுக்குத் தக்கதை அணிவித்தவன் அவன். மருத்துவனும் தந்தையும் ஒரே அறத்தின் இரு வடிவங்களாக இங்கே நிற்கின்றனர். குலசேகர ஆழ்வாரும் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியை உவமையாக்குகிறார். ஆனால் அங்கு அன்பு நோயாளியினுடையது. அவன் தன்னைத் தானே ஒப்படைக்கிறான். வேறொருவர் அவனுக்காக ஒப்படைக்கவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் கற்ற மருத்துவன் கருத வேண்டியவற்றுள் நோயாளியின் அளவு, நோயின் அளவு என்பவற்றோடு காலத்தையும் சேர்க்கிறது. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவராக உடனிருந்து உதவுபவரையும் வள்ளுவர் வைக்கிறார். உடனிருப்பவரின் பணி நோயாளியைப் பேணி மருத்துவத்திற்குத் துணைநிற்பது. நோயாளியின் இடத்தில் நின்று முடிவு கூறுவது அவர் பணியாகச் சொல்லப்படவில்லை.

காலம் என்னும் இக்கூறே இக்காலச் சட்டத்திலும் மையமாக அமைகிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, ஒருவரின் நன்மைக்காக அவரது இசைவின்றி நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் எப்போது குற்றமாகாது என்று வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அப்பிரிவின் எடுத்துக்காட்டுகள் சிறுகதைகளைப் போன்றவை. குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு ஒருவன் நினைவிழந்து கிடக்கிறான். மண்டையோட்டைத் துளைத்தாக வேண்டும் என்று காணும் அறுவை மருத்துவர், அவன் தெளிவு பெறும் முன்பே அதனைச் செய்கிறார். அவர் குற்றவாளி அல்லர். மற்றொன்றில், விபத்துக்குள்ளான குழந்தைக்கு உடனே அறுவை தேவைப்படுகிறது, காப்பாளரைக் கேட்க நேரமில்லை, குழந்தை வேண்டாமென்று மன்றாடியும் மருத்துவர் செய்கிறார், அதுவும் குற்றமன்று. உரிய காலத்திற்குள் இசைவு பெறத்தக்க காப்பாளர் இருந்தால் அவரைக் கேட்பதைச் சட்டம் விலக்கவில்லை. காலம் கடக்கும் என்றால் காத்திருக்கவும் சொல்லவில்லை.

இதற்கு அடுத்த படியை 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்தது. மகிழுந்து மோதிக் காயமுற்ற ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்காமல், சட்டம் சார்ந்த வழக்குகளைக் கவனிக்க அனுமதி பெற்ற, 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொன்றுக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்தார். இச்செய்தியை முன்வைத்த வழக்கில், உயிரைக் காப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் தலையாய கடமை என்றும், சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முன்பு மருத்துவருக்குப் பாதுகாப்பாக மட்டும் இருந்தது இத்தீர்ப்பால் அவரது கடமையாயிற்று.

அவசரம் இல்லாத நிலையில் நெறி முற்றிலும் மாறுகிறது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வழக்கொன்று தொடர்களின் கையெழுத்துக் காட்சியை அப்படியே நினைவூட்டுவது. நோயறியும் சோதனைக்காக மயக்க மருந்து தரப்பட்ட 44 வயதுப் பெண் நினைவின்றி இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. நினைவு திரும்பும்வரை காத்திருக்க இயலாத உயிராபத்து எதுவும் அங்கில்லை. முதிர்ந்த வயதுடையவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கையில் தாயின் ஒப்புதல் அவரது ஒப்புதலாகாது என நீதிமன்றம் தீர்த்தது. தொலைக்காட்சித் தொடரில் இந்நிகழ்வு வந்திருப்பின் தாயின் கையெழுத்து தியாகமாகவே காட்டப்பட்டிருக்கும்.

குழப்பத்திற்குத் திரையை மட்டும் குறைகூறுதல் முறையன்று. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின் 7.16ஆம் விதி, அறுவைக்கு முன் கணவன் அல்லது மனைவி, சிறார் எனில் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளி ஆகியோரிடம் எழுத்து வடிவில் இசைவு பெறுமாறு கூறுகிறது. நோயாளி அவ்வரிசையில் கடைசியில் நிற்கிறார்! 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமோ 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளது இசைவு ஒன்றே போதும் என்கிறது. கணவனின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. இவ்வேறுபாட்டைத் தொடர்கள் கையாள்வது அரிது.

திரை உருவாக்கும் எதிர்பார்ப்பு வெறும் கற்பனையாக நின்றுவிடுவதில்லை என்ற கவலை ஆய்வுலகில் நெடுநாளாக உண்டு. 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மூன்றில் இதயம் நின்றவர்களுக்கு அளிக்கப்பட்ட மீட்புச் சிகிச்சைக் காட்சிகள் 60ஐ ஆராய்ந்தது. அவற்றில் 75 விழுக்காட்டினர் அப்போதைக்கு உயிர் மீண்டனர். இது மருத்துவ நடைமுறை காட்டும் அளவைவிட மிக அதிகம். இதயம் நின்றபின் கணவனின் அழுகுரல் கேட்டுக் கண்விழிக்கும் நம் நாயகியரையும் எண்ணினால் விழுக்காடு எங்கு சென்று நிற்குமோ!

புதுக்கோட்டை மாவட்டத்தில் இக்காட்சி மரபு தொடும் இடம் கூர்மையானது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து, 2017இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கு வருவதே நெடும்பயணம். ஆடவர் பலர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுள்ள குடும்பங்களும் இங்கு உண்டு. கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, உடன் வந்த மாமியாரோ அண்ணியோ ‘அவரைக் கேட்காமல் எப்படி?’ என்று தயங்கும் நிலையில், தொடர் கற்பித்த பாடம் கைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கச் செய்யும். கருவுற்ற பெண் தெளிந்த நினைவோடு இருப்பின் அவர் சொல்லே போதும். நினைவிழந்து உயிராபத்தில் இருப்பின் எவர் வரவுக்காகவும் சிகிச்சை நிற்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிய அச்சத்தையும் இதனோடு சேர்த்தே காண வேண்டும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி 2008 முதல் இயங்குகிறது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இல்லையாயினும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெற வழிசெய்தது. ‘முன்பணம் கட்டினால்தான் அறுவை’ என்னும் திரை வசனம் விபத்துக் காட்சிகளில் இன்றும் ஒலிப்பது இதனால் காலப்பிழையாகிறது.

உறவினருக்கு அவசர சிகிச்சையில் இடமே இல்லையோ எனில், உண்டு. நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, இறுதியாக எப்போது உண்டார், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, முன்பு அறுவை நடந்துள்ளதா என்பனவற்றைக் கூற வல்லவர் பல வேளைகளில் அவர் ஒருவரே. மருத்துவர் வெளியே வந்து அவரிடம் முதலில் கேட்பது இவற்றைத்தான்.