அடையாற்றுத் துடுப்பும் வைகைத் தண்ணீரும்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த தங்கை மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்த என் அம்மா, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. விரல்கள் முளைக்கும் இடத்தில் வரிசையாக நான்கு காய்ப்புகள். நடுவில் இருந்த இரண்டும் மஞ்சளாகத் தடித்து, ஓரத்தில் தோல் உரிந்து கிடந்தன.

"மம்பட்டி பிடிச்ச கை மாதிரியில்ல இருக்கு. உன்னையப் படிக்கத்தானே அனுப்புனோம்?"

"மம்பட்டி இல்ல அம்மாச்சி, துடுப்பு" என்று சிரித்தாள்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அங்கே துடுப்புப் படகு அணியில் இருக்கிறாள். உத்தமபாளையத்தில் ஆற்றுப் பாசனத்தை நம்பி மூன்று தலைமுறையாக நெல் போட்ட எங்கள் வீட்டில், தண்ணீர்மேல் பந்தயம் விடப் போன முதல் ஆள் அவள்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தயம் என்றால் மாட்டு வண்டிப் பந்தயம். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடு மாடு, பெரிய மாடு என்று பிரிவு பிரித்துச் சாலையில் விடுவார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றத் தடையால் நின்று, 2017-இல் தமிழகச் சட்டத்தால் மீண்டு, 2023 தீர்ப்புக்குப் பிறகு கவலையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அவளும் வண்டிப் பந்தயத்தை வைத்தேதான் அம்மாவுக்கு விளக்கினாள். எட்டு பேர் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்புப் போடும் படகு பெரிய மாடு. ஒற்றை ஆள் இரு கையிலும் இரண்டு துடுப்புப் போடும் படகு சிட்டு. எட்டுப் பேர் படகில் ஒன்பதாவதாக ஒருவர் உட்கார்ந்து குரல் கொடுப்பார். அவர் பெயர் காக்ஸ். அவர்தான் சாரதி. போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரும் அவர் ஒருவர்தான்.

"அப்ப மத்தவங்க?"

"நாங்க முதுகக் காட்டித்தான் உக்காருவோம் அம்மாச்சி. முந்திட்டோம்னா மத்த படகெல்லாம் எங்க கண்ணு முன்னால இருக்கும். யாருமே கண்ணுல படலைன்னா நாங்கதான் கடைசி."

அம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. அன்று மாலைக்குள் தெருவில் நான்கு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

நான் முதன்முதலில் அந்தப் படகைப் பார்த்தது 1980-களின் கடைசியில், சென்னையில் படித்த காலத்தில். காலையில் பேருந்து திரு.வி.க. பாலத்தைக் கடக்கும்போது மேற்கே திரும்பிப் பார்த்தால், சில நாட்களில் அடையாற்றின்மேல் பென்சில் கோடு மாதிரி ஒரு படகு போகும். துடுப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். துடுப்பு எழுந்த இடத்தில் தண்ணீரில் வட்டச் சுழி விழும். படகு போன பிறகும் அந்தச் சுழிகள் இரண்டு வரிசையாக மிதந்துகொண்டிருக்கும். பாலம் முடிகிறவரைதான் காட்சி. இறங்கி விசாரிக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அது நமக்கான இடமில்லை என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

அந்த எண்ணத்துக்குக் காரணம் இருந்தது. மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது. அதற்கு முன்பே 1858-இல் கல்கத்தாவிலும் 1864-இல் கொழும்பிலும் துடுப்பு மன்றங்கள் வந்துவிட்டன. வெள்ளைக்கார வணிகர்களும் அதிகாரிகளும் தங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பழகிய விளையாட்டை இங்கே தொடர்ந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1829-இல் முதல்முறை மோதிய படகுப் போட்டிதான் அவர்களுக்கு முன்மாதிரி. மெட்ராஸும் கொழும்பும் 1898 முதல் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொண்டன. இன்றும் ஆண்கள் தீபம் கோப்பைக்கும் பெண்கள் அடையார் கோப்பைக்கும் துடுப்புப் போடுகிறார்கள். ஆனால் நீண்ட காலம் படகைத் தூக்கி ஆற்றில் இறக்கிக் கொடுத்ததுதான் தமிழனின் வேலை. அதில் ஏறி உட்காரச் சுதந்திரத்துக்குப் பிறகும் காலம் பிடித்தது.

பெண்களுக்கு இன்னும் நேரமானது, அதுவும் உலகம் முழுக்க. 1927-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவிகள் முதன்முறை போட்டியிட்டபோது இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் விடவே இல்லை. தனித்தனியாக ஓட்டச் சொல்லி, நேரத்தோடு நளினத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் துடுப்புப் பிடித்தது 1976-இல். 1984 வரை அவர்களுக்கு 1000 மீட்டர்தான், ஆண்களுக்கு 2000. தேம்ஸில் ஆண்கள் ஓடும் அதே 6.8 கிலோமீட்டரில் அதே நாளில் பெண்களும் ஓட 2015 வரவேண்டியிருந்தது. என் தங்கை மகளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவள் சேர்ந்த நாளிலிருந்து 2000 மீட்டர்தான், பையன்களுக்கும் அதேதான். அவளுக்குத் தெரியாமல் இருப்பதிலேயே எனக்கு ஒரு சந்தோஷம்.

படகும் மாறிவிட்டது. அன்று மெல்லிய மரப்பலகையில் செய்து வார்னிஷ் அடித்த படகு. வெயிலில் போட்டால் வெடிக்கும், ஈரத்தில் விட்டால் ஊறும், குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று கார்பன் இழை. ஒற்றையர் படகு எட்டு மீட்டர் நீளம், எடை 14 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அசராமல் தூக்குகிற வீட்டில் வளர்ந்த பெண், அதைத் தனியாளாகத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கரைக்கு நடக்கிறாள். உட்காரும் பலகைக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் உண்டு. பலகை முன்னும் பின்னும் உருளும். பார்ப்பவர்கள் கைவேலை என்று நினைக்கிறார்கள். காலால் உந்தித்தான் படகு நகர்கிறது, கை கடைசியில் முடித்துவைக்கிறது. நிமிடத்துக்கு முப்பது முப்பத்தைந்து முறை இப்படி மடங்கி நீள வேண்டும். 2000 மீட்டருக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம்.

ஒரு தடவை துடுப்பு சாய்வாக இறங்கிவிட்டால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் குத்தும், சில நேரம் ஆளையே படகிலிருந்து தூக்கி எறியும். துடுப்புக்காரர்கள் இதை 'நண்டு பிடிப்பது' என்கிறார்கள். போன சீசனில் பாதி வழியில் நண்டு பிடித்து, முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தவள் நான்காவதாக வந்தாள். விலா எலும்பின் ஓரம் ஒரு மாதம் நீலம் மாறவில்லை என்று தொட்டுக் காட்டினாள்.

சீசன் என்ற சொல்லுக்கே அவள் வாழ்க்கையில் வேறு பொருள். எங்களுக்கு ஜூன் மாதம்தான் சீசன் தொடக்கம். பெரியாற்று அணையைத் திறந்தால் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் உயிர் வரும். அவளுக்கும் தண்ணீர்தான் காலண்டர். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் ஆற்றில் படகு இறக்க முடியாது. அன்றைய துடுப்புக்காரர்கள் அந்த மாதங்களில் ஓடினார்கள், தண்டால் எடுத்தார்கள், வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். இன்று எர்கோமீட்டர் இருக்கிறது. சங்கிலியை இழுத்தால் காற்றாடிச் சக்கரம் இரையும், எதிரே சின்னத் திரையில் 500 மீட்டருக்கு எத்தனை நொடி என்று எண் ஓடும். விடிகாலை நாலரைக்கு எழுந்து அந்த எண்ணோடு மல்லுக்கட்டிவிட்டு எட்டரைக்கு வகுப்பில் உட்கார்கிறாள். அணியில் யார் இருப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணே தீர்மானிக்கிறது. முன்பு தேர்வாளரின் கண்ணுக்குப் பிடிக்க வேண்டும். இப்போது இன்னார் மகள், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, திரையில் தெரியும் நொடியைத்தான் பார்க்கிறார்கள். சின்ன ஊரிலிருந்து போன பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு தத்து போகனலின் கதை ஒன்று போதும். மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த ஊர். கிணறு வெட்டும் வேலை பார்த்தவர் 2012-இல் ராணுவத்தில் சேர்ந்தார். பந்தயப் படகைக் கண்ணால் பார்த்ததே அங்கேதான். நான்கே வருடத்தில் ரியோ ஒலிம்பிக்கில் 13-ஆவது இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்ற அணியிலும் அவர் உண்டு. இந்தியா ஒலிம்பிக்கில் முதன்முதலாகத் துடுப்புப் போட்டதே 2000 சிட்னியில்தான். ஆசிய விளையாட்டில் முதல் தங்கம் 2010-இல் பஜ்ரங் லால் தாக்கர் கொண்டுவந்தது. 2023 ஹாங்சௌவில் ஐந்து பதக்கம். அதே ஆண்டு மே மாதம் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் துடுப்புப் படகு முதன்முறையாகச் சேர்ந்தது. உத்தரப் பிரதேசம் கோரக்பூரில் ராம்கர் தால் என்ற ஏரியில் போட்டி நடந்தது.

ராம்கர் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வேறொரு ராம்கர் நினைவுக்கு வருகிறது. ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் இருந்த ராம்கர் ஏரி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் துடுப்புப் போட்டி அங்கேதான் நடந்தது. ஜெய்ப்பூர் நகரமே குடித்த ஏரி அது. தண்ணீர் வரும் ஓடைகளில் தடுப்புகளும் ஆக்கிரமிப்புகளும் வந்தன. இருபது ஆண்டுக்குள் ஏரி வறண்டு தரையானது. ஆசியாவின் படகுகள் ஓடிய இடத்தில் மாடு மேய்ந்தது.

இந்த விளையாட்டின் அன்றும் இன்றும் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். அன்று தண்ணீர் இருந்தது, ஆளை உள்ளே விடவில்லை. இன்று ஆளை விடுகிறார்கள், தண்ணீர்தான் இல்லை. இருந்தாலும் தொட முடியவில்லை. அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் மாதங்களில் ஊர்க்கழிவு அப்படியே தேங்கி நிற்கும். 2015 டிசம்பரில் அதே ஆறு செம்பரம்பாக்கத்து வெள்ளத்தோடு வந்து கோட்டூர்புரத்தை மூழ்கடித்தது. ஒன்று சாக்கடை, இல்லையென்றால் பிரளயம். லண்டனும் தப்பவில்லை. 2024 ஆக்ஸ்ஃபோர்டு-கேம்பிரிட்ஜ் போட்டியின்போது தேம்ஸ் ஆற்றில் கழிவுக் கிருமி அதிகம் இருந்ததால் தண்ணீர் மேலே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வென்றவர்கள் காக்ஸைத் தூக்கி ஆற்றில் போடுவது வழக்கம், அதையும் வேண்டாம் என்றார்கள்.

தங்கை மகள் அணியில் எழுதாத விதி ஒன்று உண்டாம்: வாயை மூடிக்கொண்டு துடுப்புப் போடு. மூச்சு வாங்கும் எட்டு நிமிடத்தில் வாயை மூடுவது எப்படி? முன்னால் இருப்பவர் துடுப்பு தெறிக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பப் பழகியிருக்கிறார்கள். படகுக்கு அடியில் கைவிரல் அளவுக்கு ஒரு தகடு உண்டு, படகு கோணாமல் நேராகப் போவதற்கு. அதில் பாலிதீன் பை ஒன்று மாட்டிக்கொண்டால், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி இருக்குமாம். கணுக்காலில் அரிப்பு வந்து ஒரு மாதம் களிம்பு போட்டதை அவள் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

இன்னொரு வாசலும் அடைபட்டிருக்கிறது. சிட்டுப் பிரிவு என்று அம்மாவிடம் சொன்னாளே, அப்படி மாட்டைப் பார்த்துப் பிரிப்பதுபோல மனிதர் எடையைப் பார்த்தும் ஒரு பிரிவு இருந்தது. 1996 முதல் ஒலிம்பிக்கில் மெலிந்த உடம்புக்காரர்களுக்குத் தனிப் போட்டி, ஆண் என்றால் 72.5 கிலோவுக்குள், பெண் என்றால் 59-க்குள். டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அர்விந்த் சிங்கும் அந்தப் பிரிவில்தான் 11-ஆவது வந்தார்கள். 2024 பாரிஸோடு அது முடிந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதற்குப் பதிலாகக் கடற்கரை ஸ்பிரிண்ட் வருகிறது. மணலில் ஓடி, படகில் ஏறி, அலைக்குள் போய்த் திரும்பி வந்து மறுபடி ஓட வேண்டும். ஐம்பத்து நான்கு கிலோ இருக்கும் பெண்ணுக்கு இழப்பு நிஜம்தான். ஆனால் அலையில் வள்ளம் தள்ளிப் பழகிய கடற்கரை தமிழ்நாட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் கிடக்கிறதே என்றும் தோன்றுகிறது. மீனவக் குப்பங்களின் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்கள் தேடிப் போக வேண்டிய காலம் இது.

அவள் சென்னைக்குக் கிளம்பும் முந்தின நாள் வைகை அணைக்கு அழைத்துப் போனேன். 1959-இல் திறந்த அணை. பள்ளத்தாக்கில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் வயல்களைத் தாண்டி வந்து தேங்கும் இடம். 71 அடி என்ற கணக்கைத் தேனியிலும் மதுரையிலும் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். அன்று தண்ணீர் நன்றாகவே நின்றது. காற்று இல்லை. ஒரு பரிசல்காரர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தார். ஒற்றைத் துடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் போட, பரிசல் கொஞ்சம் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்து வந்தது.

அவள் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். மறுபடி அள்ளினாள். பிறகு கண்ணைச் சுருக்கி எதிர்க்கரையைப் பார்த்தாள்.

"அங்குட்டு வரைக்கும் ரெண்டாயிரம் மீட்டர் இருக்குமா மாமா?"

எனக்குத் தெரியவில்லை. பரிசல்காரரிடம் கேட்டேன்.

"மீட்டரெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்கு முக்கா மணி நேரம் ஆகும்."

"எட்டு நிமிஷத்துல போயிரலாம்ணே" என்றாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பரிசலைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டு, அவள் நீட்டிய கையைப் பார்த்தார். காய்ப்பைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்தினார். தன் உள்ளங்கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"அப்ப உன் படகக் கொண்டாம்மா, பாப்போம்" என்றார்.