பொத்தான் ஒன்று, அறிக்கை நாற்பது

தவணை முடிவு நெருங்கிவிட்டால் வகுப்பாசிரியை ஒருவர் வாழும் வீட்டின் நிலை எப்படியிருக்குமென்பதை அவ்வீட்டார் நன்கறிவர். விடைத்தாள்கள் திருத்தப்பட்டுப் புள்ளிகள் பதியப்பட்ட பின்னரும் வேலை ஓய்வதில்லை. முன்னாளில் நாற்பது பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகளையும் பேனாவினால் எழுதி முடிக்கவேண்டியிருந்தது. இந்நாளிலோ கணினி வந்துவிட்டது, விரிதாள் வந்துவிட்டது, கூட்டுத்தொகையும் சராசரியும் வகுப்பு நிலையும் கண்மூடித் திறப்பதற்குள் கிடைத்துவிடுகின்றன. ஆயினும் ஆசிரியையின் இரவு மட்டும் முன்போலவே நீள்கின்றது. ஒவ்வொரு பிள்ளையின் அறிக்கையையும் தனித்தனிப் பி.டி.எப். கோப்பாகச் சேமித்துப் பெற்றோரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பவேண்டியிருப்பதே இதற்குக் காரணமாகும்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய நாட்டிலே, கடதாசியின்றி அறிக்கை அனுப்பும் வழக்கத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. குறை வழக்கத்திலன்று, அதனைச் செய்யும் முறையிலேயே உள்ளது.

பிள்ளையின் விபரத்தைத் தாளில் வரவழைத்து, சேமிக்கும் கட்டளையைத் தேடித் திறந்து, கோப்புறையைத் தெரிந்து, பெயரைத் தட்டெழுதி, சேமித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடமென வைத்துக்கொண்டாலும் நாற்பதுக்கு ஒரு மணித்தியாலம் கழிகின்றது. நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருபத்தைந்தாவது பிள்ளையளவில் கண் சோர்ந்து, ஒருத்தியின் அறிக்கை மற்றொருத்தியின் பெயரில் சேமிக்கப்பட்டுவிட்டால் என்னாகும்? கணிதத்திலே 28 புள்ளி பெற்ற சிறுமியின் கதை அயல்வீட்டுத் தாயாரின் கைத்தொலைபேசிக்குப் போய்ச் சேர்ந்தபின், அச்சிறுமி மறுநாள் எந்த முகத்துடன் வகுப்பினுட் செல்வாள்?

இங்கேதான் மாக்ரோ என்பது உதவிக்கு வருகின்றது. ஒரே செயலைப் பன்முறை செய்வதற்காகக் கணினிக்கு முன்கூட்டியே எழுதிவைக்கும் கட்டளைத் தொடரே மாக்ரோவாகும். விரிதாளின் வரலாறு 1979இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் இயற்றிய ‘விசிகல்க்’ உடன் தொடங்குகின்றது. இன்று கந்தோர் தோறும் காணப்படும் எக்செல் 1985இல் வெளிவந்தது. 1993ஆம் ஆண்டிலே இரு காரியங்கள் நிகழ்ந்தன: அடோபி நிறுவனம் பி.டி.எப். முறையை வெளியிட்டது, எக்செலின் ஐந்தாம் பதிப்பிலே வி.பி.ஏ. என்னும் மாக்ரோ மொழி சேர்க்கப்பட்டது. ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விரண்டும் ஒன்றோடொன்று உறவாட நெடுங்காலம் சென்றதே வேடிக்கை. 2007ஆம் ஆண்டின் பதிப்புக்குக்கூட, பி.டி.எப். ஆகச் சேமிக்கும் வசதியைத் தனியே பெற்றுப் பொருத்தவேண்டியிருந்தது. 2009இல் வந்த திருத்தத்தோடுதான் அது கூடவே கிடைத்தது. அதற்கு முன்னர், இல்லாத அச்சுப்பொறியொன்று இருப்பதாகக் கணினியை நம்பவைத்து, அதன் வழியாகவே பி.டி.எப். செய்து வந்தனர்.

நிற்க, காரியத்துக்கு வருவோம். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது தாள்களை உண்டாக்குவாரும் உளர். அம்முறையை நாம் விரும்புவதில்லை. தலைப்பில் ஓரெழுத்துப் பிழையிருந்தால் நாற்பது இடங்களிலே திருத்தவேண்டிவரும். இரண்டே தாள்கள் போதும். முதலாவது தாளிலே பிள்ளைக்கொரு நிரையாகப் புள்ளிகள் இருக்கட்டும். இரண்டாவது தாளிலே அறிக்கையின் படிவம் ஒன்றுமட்டும் இருக்கட்டும். அப்படிவத்தின் ஒரு கலத்தில் 7 என்று இட்டால், ஏழாவது பிள்ளையின் பெயரும் புள்ளிகளும் உரிய இடங்களில் தாமே வந்து நிற்குமாறு சூத்திரங்களை அமைத்துக்கொள்ளவேண்டும். அச்சிடும் எல்லையை வரையறுத்து, ஒரு பக்கத்துள் அடங்குமாறும் செய்துவிடவேண்டும். இதைச் செய்யாதார்க்குக் கடைசி நிரல் மட்டும் இரண்டாம் பக்கத்திலே அனாதையாக வந்து நிற்கும்.

இனி மாக்ரோவின் வேலை எளிது. இலக்கக் கலத்தில் 1 இடுகின்றது, படிவம் மாறுகின்றது, பெயரைக் கலத்திலிருந்து வாசித்துக் கோப்புக்குப் பெயராக்குகின்றது, சேமிக்கின்றது, பின் 2 இடுகின்றது. இவ்வாறு 40 வரை செல்கின்றது. சேமிக்கும் கட்டளைக்கு ‘எக்ஸ்போர்ட் அஸ் பிக்ஸ்ட் போர்மட்’ என்று பெயர். இதை மனப்பாடஞ் செய்யவேண்டியதில்லை. மாக்ரோவைப் பதிவுசெய்யும் வசதி எக்செலிலேயே உண்டு. அதனை இயக்கிவிட்டு ஒரேயொரு அறிக்கையைக் கையாற் சேமித்தால், நாம் செய்ததை அது வரிவரியாக எழுதித் தந்துவிடும். ஆனால், நாம் இட்ட கோப்பின் பெயரையும் அப்படியே எழுதிக்கொள்ளும். அதனை மாற்றாது விட்டால், எத்தனை தடவை இயக்கினும் அதே கோப்பின்மேலேயே எழுதும். அப்பெயரை நீக்கி, கலத்திலுள்ளதை வாசிக்கச் செய்வதும், ஒன்று முதல் நாற்பது வரை சுழலச் செய்வதுமே நாம் கையால் எழுதவேண்டிய பகுதி. சேமித்தவுடன் கோப்பைத் திறந்து காட்டுமாறு ஒரு சொல்லும் அதில் இருக்கக்கூடும். அதனை நிறுத்திவிடுதல் நன்று. இல்லையேல் திரையிலே நாற்பது அறிக்கைகளும் திறந்துகொண்டு நிற்கும். பி.டி.எப். வாசிப்பானில் திறந்திருக்கும் கோப்பின்மேல் மறுமுறை எழுதமுயன்றால், பெரும்பாலும் இயலாதென மறுத்துவிடும்.

தமிழருக்கென்றே உள்ள ஒரு தொல்லையை இங்கு கூறாதிருக்க முடியாது. மாக்ரோ எழுதும் பலகணி தமிழெழுத்தை அறியாது. அங்கே தமிழிற் பெயரெழுதினால் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கோப்பின் பெயரிலோ கேள்விக்குறி வரக்கூடாதென்பது விண்டோஸின் சட்டம்! ஆதலின் தமிழ்ச் சொற்கள் யாவற்றையும் விரிதாளின் கலத்திலே எழுதிவைத்து, அங்கிருந்து வாசிக்கச் செய்வதே வழியாகும். கலத்திலுள்ள தமிழ் பழுதின்றி வரும்.

இதைப்போன்றதே சாய்கோட்டின் தொல்லையும். நம் நாட்டுப் பாடசாலைப் பெயர்கள் ‘யா/’ என்றும் ‘மட்/’ என்றும் தொடங்குவன. அப்பெயரை அப்படியே கோப்பின் பெயரிற் சேர்த்தால், சாய்கோட்டுக்கு முன்னுள்ளதை ஒரு கோப்புறையின் பெயரென்று கணினி எண்ணி, அப்படியொன்று இல்லையென்று முறையிட்டு நின்றுவிடும். திகதியை 12/8 என்று எழுதினாலும் இதே கதிதான். சிறு கோடாகிய ‘-’ ஐ இட்டால் பிரச்சினையில்லை.

இவையெல்லாம் வேலையை நிறுத்தும் பிழைகள். நின்றதும் நாம் அறிந்துகொள்வோம். நிறுத்தாத பிழைகள்தாம் பொல்லாதவை. ஒரே வகுப்பிலே ஒரே பெயருடைய இரு பிள்ளைகள் இருந்தால், இரண்டாமவளின் அறிக்கை முதலாமவளின் அறிக்கையை ஒரு வார்த்தையும் கேளாமல் அழித்துவிட்டு அவ்விடத்தில் அமர்ந்துகொள்ளும். கோப்புறையிலே 39 கோப்புகளே இருக்கும். பெயருடன் சேர்விலக்கத்தையும் சேர்ப்பது இதற்குப் பரிகாரம். மற்றொன்று இதனிலும் கொடிது. எக்செலிலே கணிப்பைத் தானாகச் செய்யாது, சொன்னாற்செய் என்று வைக்கும் அமைப்பொன்றுண்டு. பெரிய விரிதாளின் வேகங் கருதி எவரோ அப்படி வைத்துவிட்டிருக்கலாம். அந்நிலையில் மாக்ரோவை இயக்கினால், இலக்கம் மாறும், படிவம் மாறாது. கோப்புகளின் பெயர்களைப் புள்ளித்தாளிலிருந்து நேரே வாசிக்கும் மாக்ரோவாயின், நாற்பது பெயர்களிலே நாற்பது கோப்புகள் அழகாக வந்து நிற்கும்; உள்ளேயிருப்பதோ ஒரே பிள்ளையின் புள்ளிகள்! சேமிக்குமுன் மீளக் கணிக்குமாறு ஒருவரி சேர்த்துவிட்டால் இவ்வாபத்து நீங்கும். சேர்த்தபின்னும், முதலில் மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் இயக்கி, வந்த அறிக்கைகளைப் புள்ளிப் பதிவேட்டுடன் ஒப்புநோக்கியே மேற்செல்லவேண்டும். யந்திரத்தின் பிழை மனிதனின் பிழைபோல ஒன்றிரண்டோடு நில்லாது.

மாக்ரோவைக் கண்டு அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1999இல் ‘மெலிசா’ என்னும் கிருமி வேர்ட் கோப்பிலிருந்த மாக்ரோ வழியாகவே மின்னஞ்சல்களிற் பரவியது. 2022 முதல், இணையத்தின் வழியாக வந்த கோப்புகளிலுள்ள மாக்ரோக்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் தானாகவே தடுத்துவருகின்றது. சக ஆசிரியை அன்போடு அனுப்பிய கோப்பும் இத்தடைக்குள் அகப்படலாம். அனுப்பியவரை நன்கறிந்து, அவரிடமே கேட்டு உறுதிசெய்தபின் தடையை நீக்கலாம். அறியாதார் அனுப்பியதாயின் திறவாதிருப்பதே மேல். நாமே எழுதிய மாக்ரோவை வைத்திருக்கும் கோப்பை, மாக்ரோவுக்குரிய ‘எக்ஸ்.எல்.எஸ்.எம்.’ வகையாகச் சேமிக்கவேண்டும். வழக்கமான வகையிற் சேமித்தால் எழுதியதெல்லாம் போய்விடும். இன்னொன்று: கைத்தொலைபேசியிலுள்ள எக்செலில் இந்த மாக்ரோக்கள் இயங்கா. கணினி வேண்டும்.

மாக்ரோவின் பணி கோப்புறையோடு முடிகின்றது. அங்கிருந்து ஒவ்வொரு பெற்றோருக்கும் அனுப்புவது ஆசிரியையின் கையிலேயே உள்ளது. அந்த ஒரு வேலையை அவசரமின்றிச் செய்யட்டும். கோப்பின் பெயரின் முன்னே 01, 02 என்று இடாப்பு இலக்கத்தையும் இரண்டு தானமாகச் சேர்த்திருந்தால், தொலைபேசியிலும் அவை இடாப்பின் ஒழுங்கிலேயே வரிசைப்படும். இடாப்பைப் பக்கத்தில் விரித்துவைத்து, அனுப்பிய பெயர்களுக்கு எதிரே அடையாளமிட்டுக்கொண்டு போகலாம்.