எல்லைப்படைத் தொப்பிச் சின்னங்கள்

ஷில்லாங் கிளையில் நாம் பணியாற்றிய காலத்தில், மறைந்த கூர்க்கா சுபேதார் ஒருவரின் துணைவியார் தகரப்பெட்டியொன்றுடன் வந்தார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு, கணவர் சேர்த்துவைத்த பழைய தொப்பிச் சின்னங்களின் பேரில் கடன் கிடைக்குமா என வினவினார். வங்கி அவற்றை ஈடாக ஏற்பதில்லை என்று கூற நேர்ந்தது. ஆயினும் குறுக்காக வைத்த இரு குக்ரிகளின் கீழ் ஐந்து என்னும் எண் பொறித்த சின்னம் நம் கண்ணை விட்டகலவில்லை.

1849-இல் பஞ்சாபைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், ஆப்கன் எல்லையைக் காக்கத் தனிப்படை திரட்டினர். 1865-இல் அது பஞ்சாப் எல்லைப்படை எனப் பெயர் பெற்றது. 1922-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் அதன் காலாட்படைப் பிரிவுகள் பலவும் பன்னிரண்டாம் எல்லைப்படை ரெஜிமென்ட், பதின்மூன்றாம் எல்லைப்படை ரைபிள்ஸ் எனத் தொகுக்கப்பட்டன. 1947-இல் இவ்விரண்டும் பாகிஸ்தானுக்குச் சென்றன. 1858-இல் திரட்டப்பட்ட ஐந்தாம் கூர்க்கா ரைபிள்ஸோ இந்தியாவிடம் தங்கிற்று. எல்லைப்படை என்னும் சொல் இன்றும் அதன் பெயரில் உண்டு. அதன் பயிற்சி மையம் ஷில்லாங்கிலேயே உள்ளது.

இவ்வாண்டுகளே சேகரிப்பாளருக்கு உரைகல். நாம் அதனைப் பொருளிழந்து கற்றோம். 1878-80 ஆப்கன் போரில் அணிந்தது என்று பழம்பொருள் வணிகர் ஒருவர் கூறியதை நம்பி, 4,500 ரூபாய்க்குச் சின்னமொன்றை வாங்கினோம். அதில் இருந்ததோ பதின்மூன்றாம் எல்லைப்படை ரைபிள்ஸின் பெயர்! 1922-க்கு முன் அப்பெயரே கிடையாது. கணக்கேடுகளில் தேதி பார்த்தே காலங்கழித்த நமக்கு இது தேவைதான். உருப்பெருக்கியில் நோக்கியபோது பரப்பெங்கும் நுண்துளைகள். அச்சில் அடித்த சின்னத்தின் கோடுகள் கூர்மையாக இருக்கும். அதைப் படியெடுத்து வார்த்த போலி, உலோகம் குளிர்கையில் சுருங்குவதால் அளவிலும் சற்றுச் சிறுத்திருக்கும்.

நூறாண்டு கடந்த சின்னங்களை அயல்நாட்டார் விலைக்குக் கேட்டால் எச்சரிக்கை தேவை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்தல் கூடாது. பெட்டகத்தில் வைப்போர் மற்றொன்றையும் அறிதல் நலம்: உள்ளிருக்கும் பொருளுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை, தீவிபத்து, களவு போன்றவை வங்கியின் குறைபாட்டால் நேரின், பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரையே. ஆதலின் ஒவ்வொன்றையும் இருபுறமும் படமெடுத்து, யாரிடமிருந்து வந்தது என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.

அம்மையாரின் பேத்திக்குக் கல்விக்கடன் வழங்கினோம். தகரப்பெட்டி எமது கிளையின் பெட்டகத்துக்குள் சென்றது. குக்ரிச் சின்னத்தை மட்டும் அவர் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.